சின்ன வாஷிங் மிஷின் மக்கர் பண்ணினால் எங்கிருந்து பார்ப்பது?

மதுரை வில்லாபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டில் ஆறு வீடு. நாலு வீட்டில் சின்ன வாஷிங் மிஷின் இருக்கிறது. பெரிய மிஷின் வைக்க இடமும் கிடையாது, அதற்குக் குழாய் இணைப்பும் கிடையாது. பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி, டைமரைத் திருகி, துவைத்து முடிந்ததும் பைப்பைக் கீழே இறக்கி வடித்துவிடுகிற வகைதான் எல்லாமே. இரண்டு வீட்டில் ஒற்றைத் தொட்டி, உள்ளே கூடை வைத்துப் பிழிகிற மாடல். மற்ற இரண்டும் துவைக்க ஒன்று, பிழிய ஒன்று என்று இரட்டைத் தொட்டி.

நான் மெக்கானிக் இல்லை. முதலில் எங்கள் வீட்டு மிஷினைக் கழற்றிப் பார்த்தேன். அப்புறம் எதிர்வீட்டு அக்காவுடையது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் "தம்பி, மிஷின் ஓடலப்பா, கொஞ்சம் வந்து பாரேன்" என்று யாராவது வாசலில் நிற்பது வழக்கமாகிவிட்டது. திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுக் கோளாறுதான். அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் பிளக்கைப் பிடுங்கி வெளியே போடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. பழைய வீடுகளில் பேஸ் லைனும் நியூட்ரலும் மாறி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தும் மிஷினுக்குள் கரண்ட் நிற்கும்.

தொட்டால் சுர்ரென்கிறது, அல்லது டிரிப் ஆகிறது

இதில் நாமே செய்ய வேண்டியது ரொம்பக் குறைவு. உடம்பு பிளாஸ்டிக்தானே என்று நினைக்க வேண்டாம். ஊற்றி வைத்த தண்ணீர் வழியாகவும், அடியில் இருக்கும் ஸ்க்ரூ வழியாகவும் ஷாக் வரும். தொட்டிக்குள் கை விட்டிருக்கும்போது வந்தால் விளையாட்டு இல்லை.

முதலில் பிளக்கைப் பாருங்கள். மூணு பின் பிளக்கோடு வந்த மிஷினை இரண்டு ஓட்டை ஜங்ஷன் பாக்ஸில் செருகியிருந்தால் எர்த் இல்லாமலேதான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறீர்கள். நேராகச் சுவரில் இருக்கும் மூணு பின் பாயின்ட்டுக்கு மாற்றுங்கள். அந்தப் பாயின்ட்டில் எர்த் வயர் உண்மையாகவே இணைத்திருக்கிறதா என்பதை எலக்ட்ரீசியன்தான் சொல்ல வேண்டும். டெஸ்டர் மினுக்குகிறதா இல்லையா என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஐப்பசி மழையில் மொட்டை மாடியில் நனைந்த மிஷின் என்றால் இரண்டு நாள் காயவிட்டு, எலக்ட்ரீசியனிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும். ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடுகிற சுவிட்ச்) டிரிப் ஆகிறது என்பதற்காக அதைத் தவிர்த்து வேறு லைனில் செருகிப் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அது விழுந்ததால்தான் நாம் நிற்கிறோம்.

உயிரே இல்லை: சத்தமும் இல்லை, சுற்றவும் இல்லை

அதே பாயின்ட்டில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறவில்லை என்றால் மிஷினைத் திட்ட வேண்டாம். ஜங்ஷன் பாக்ஸ் பிடி தளர்ந்திருக்கும், இல்லை போர்டில் இருக்கும் எம்.சி.பி. (பாரம் கூடினால் தானே விழும் சுவிட்ச்) இறங்கியிருக்கும்.

கரண்ட் இருக்கிறது என்றால் டைமர். முழுதாக ஒரு சுற்று வலது பக்கமாகத் திருப்பி விடுங்கள். பத்து நிமிடம் வேண்டும் என்று பதினைந்துக்குத் திருப்பி, பிறகு பின்னோக்கி இழுத்துக் குறைக்கிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. உள்ளே இருக்கும் பல்சக்கரம் அதில்தான் போகிறது. இன்னொன்று, இந்த மிஷின்கள் ஒரு பக்கம் சுற்றி, சில விநாடி நின்று, மறுபக்கம் சுற்றும். அந்த இடைவெளியைப் பார்த்து "நின்னுபோச்சு" என்று கூப்பிட்டவர்கள் உண்டு. முப்பது விநாடி காத்திருங்கள்.

தொடர்ந்து மூன்று நான்கு தடவை ஓட்டிய பிறகு நின்றதா? சூடு தாங்காமல் மோட்டார் தானே அணைந்திருக்கலாம். அரை மணி நேரம், சித்திரை வெயில் என்றால் ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். ஆறியதும் ஓடினால், இனி இரண்டு ஓட்டத்துக்கு ஒரு இடைவெளி விடுங்கள்.

அதுவும் இல்லையா, மிஷினைச் சாய்த்து அடியைப் பாருங்கள். நிறைய மாடல்களில் அடிப்பக்கம் திறந்தே கிடக்கும், எலிக்கு அது வாடகை இல்லாத வீடு. எங்கள் காம்பவுண்டில் மூன்று தடவை இதே கதை. வயர் கடிபட்டிருந்தால் மேலே டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள். தண்ணீர் சொட்டுகிற இடம் அது. வயரை மாற்ற ஆளைக் கூப்பிடுங்கள், சரியானதும் அடியில் கொசுவலைக் கம்பி அடித்துவிடுங்கள்.

"உம்ம்ம்" என்கிறது, சுற்ற மாட்டேன் என்கிறது

நான் அதிகம் பார்த்தது இதுதான். இந்தச் சத்தம் கேட்டதும் முதல் வேலை, அணைப்பது. சுற்றாமல் முனகிக்கொண்டே அரை நிமிடம், ஒரு நிமிடம் நின்றால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், சூடேறிக் கருகும். நூறு ரூபாய்ச் செலவு ஆயிரமாக மாறுவது இந்த ஒரு நிமிடத்தில்தான்.

துணியை எல்லாம் வெளியே எடுங்கள், தண்ணீர் மட்டும் விட்டுப் போட்டுப் பாருங்கள். சுற்றுகிறதா? அப்படியானால் பாரம்தான் காரணம். பெட்டியில் 3 கிலோ என்று போட்டிருப்பது காய்ந்த துணியின் எடை. "ஒரே ஒரு போர்வைதானே தம்பி" என்றார் எதிர்வீட்டு அக்கா. அந்தப் பருத்திப் போர்வை நனைந்த பிறகு இரண்டு கையால் தூக்க முடியவில்லை. என் கணக்கு இதுதான்: இரண்டு கைலி, மூன்று சட்டை, ஒரு துண்டு. ஜமுக்காளம், போர்வை, ஜீன்ஸ் எல்லாம் கையில்தான். சேலை போட்டால் மடித்து, முந்தியைச் சுற்றி ஒரு முடிச்சு போட்டுப் போடுங்கள். அவிழ்த்து விட்டால் தொட்டியின் அடியில் நடுவில் சுற்றும் தட்டில், அதாவது பல்சேட்டரில், கயிறு போலச் சுற்றிக்கொள்ளும்.

வெறும் தண்ணீரிலும் சுற்றவில்லை என்றால் மணியைப் பாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், எல்லா வீட்டிலும் ஏசியும் மோட்டாரும் ஓடுகிற நேரத்தில், எங்கள் தெருவில் வோல்டேஜ் குறைந்து ஃபேன் சோர்ந்துபோய்ச் சுற்றும். அந்த நேரத்தில் இந்தச் சின்ன மோட்டார் கிளம்பாது. காலை ஐந்து மணிக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் ஓடி மாலையில் மட்டும் முனகினால் மிஷினைத் திறக்கவே வேண்டாம், துவைக்கிற நேரத்தை மாற்றினால் போதும்.

காலையிலும் அதே கதையா? பிளக்கைப் பிடுங்குங்கள், தண்ணீரை வடியுங்கள், பல்சேட்டரைக் கையால் சுற்றிப் பாருங்கள். மூன்று விதமாக இருக்கும்.

*கரகரவென்று உரசுகிறது.* அடியில் ஏதோ மாட்டியிருக்கிறது. நடுவில் ஒரு ஸ்க்ரூ இருக்கும், சிலதில் மேலே பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கும். அதைக் கழற்றி, பல்சேட்டரின் இரண்டு பக்க ஓட்டையிலும் கம்பிக் கொக்கி மாட்டி நேர் மேலே இழுத்தால் வந்துவிடும். உப்புத் தண்ணீரில் ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தால் இரண்டு சொட்டு மிஷின் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். அவசரப்பட்டுத் திருகினால் தலை தேய்ந்துபோகும், அப்புறம் அதை எடுப்பதே தனிப் பிரச்சினை. இதுவரை நான் அடியிலிருந்து எடுத்தவை: இரண்டு ரூபாய்க் காசு, சேஃப்டி பின், உள்ளாடைக் கம்பி, சட்டைப் பொத்தான். எல்லாவற்றையும் விட அதிகம், தலைமுடியோடு பின்னிக்கிடந்த பூ கட்டிய நார். மல்லிகைப்பூ ஊரில் இது இல்லாமல் இருக்குமா? சுத்தம் செய்து திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவை அளவாக இறுக்குங்கள். கூடுதலாக இறுக்கினால் பல்சேட்டரின் நடுப்பகுதி விரிசல் விடும்.

*இறுகிப்போய்க் கிடக்கிறது, அசையவே இல்லை.* உள்ளே பேரிங்கோ கியரோ துருப்பிடித்துவிட்டது. கொஞ்ச நாள் போடாமல் மூடி வைத்த மிஷினில் இது வரும். மெக்கானிக் வேலை.

*லேசாகச் சுற்றுகிறது, ஆனால் கரண்ட் கொடுத்தால் முனகல் மட்டும்.* பெரும்பாலும் கண்டன்சர், மோட்டாரைக் கிளப்பிவிடுகிற சாமான். சில நாள் ஓடி, சில நாள் ஓடாமல் இருந்துவிட்டு ஒரேயடியாக நின்றால் இன்னும் உறுதி. ஃபேன் கண்டன்சர் மாற்றிப் பழகியவர்களுக்கு இது தெரிந்த வேலைதான். ஆனாலும் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் கரண்ட் தங்கி நிற்கும், தொட்டால் தூக்கி அடிக்கும் என்பதால் பழக்கம் இல்லாதவர்கள் திறக்க வேண்டாம். மாற்றுகிறவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: பழையதில் அச்சடித்திருக்கும் மைக்ரோஃபாரட் எண் புதியதிலும் அதேயாக இருக்க வேண்டும். "கடையில் இதுதான் இருந்துச்சு" என்று வேறு அளவைப் போட்டால் மோட்டார் சூடேறும்.

கரண்ட் ஓடும்போது குச்சியாலோ கையாலோ பல்சேட்டரைத் தள்ளிவிட்டுக் கிளப்பிப் பார்க்கிற வித்தை ஒன்று உண்டு. தண்ணீரும் கரண்டும் இருக்கிற இடத்தில் அதைச் செய்யாதீர்கள்.

கருகிய வாடை வந்துவிட்டதா? காயில் போயிருக்கும். இந்த அளவு மோட்டாருக்கு ரீவைண்டிங் (காயிலைத் திரும்பச் சுற்றுவது) கட்டுபடியாகுமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். கூலியும் சாமானும் சேர்ந்து புது மிஷின் விலையில் பாதியைத் தொட்டால் நான் செய்யச் சொல்ல மாட்டேன்.

சுற்றுகிறது, ஆனால் அழுக்கு போகவில்லை

இதில் மிஷினைவிடத் தண்ணீர்தான் குற்றவாளி. போர் தண்ணீர் பிடிக்கிற பக்கெட்டின் ஓரத்தில் வெள்ளைக் கோடு படிகிறதா, துண்டு காய்ந்ததும் அப்பளம் போல விறைக்கிறதா? அப்படியென்றால் அந்தத் தண்ணீரில் பவுடர் சரியாக வேலை செய்யாது. நுரை வரவில்லையே என்று இன்னும் இரண்டு கரண்டி அள்ளிப் போடுவார்கள். கறுப்புப் பேன்ட்டில் வெள்ளைத் திட்டு வருவது அப்படித்தான்.

நாங்கள் செய்வது: கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிற அன்று ஒரு டிரம்மில் பிடித்து வைத்து, துவைக்கிற முதல் தண்ணீருக்கு அதை ஊற்றுகிறோம். அலசுவது போர் தண்ணீர். நல்ல தண்ணீர் மிஞ்சினால் கடைசி அலசலுக்கு. பவுடரை நேராகத் துணிமேல் தூவாமல், ஒரு சொம்பு வெந்நீரில் கரைத்து ஊற்ற வேண்டும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், கை பொறுக்கிற சூடு போதும். திரவ சோப்பு என்றால் கரைக்கிற வேலையும் மிச்சம், உப்புத் தண்ணீரில் திட்டும் குறைவு. காலரும் கைமடிப்பும் எந்தச் சின்ன மிஷினிலும் முழுதாகப் போகாது. போடுவதற்கு முன்னால் பிரஷ்ஷால் நாலு தேய் தேயுங்கள்.

தண்ணீரும் சோப்பும் சரி, பாரமும் குறைவு, ஆனாலும் துணி சோம்பலாகப் புரளுகிறது என்றால் பெல்ட் உள்ள மாடலில் பெல்ட் தளர்ந்திருக்கும். வெறும் தண்ணீரில் ஜோராகச் சுற்றி, துணி போட்டதும் தளர்வது இதன் அடையாளம். பெல்ட் விலை குறைவுதான், மாற்றுவது கடைக்காரர் வேலை.

இங்கேயே கறை பற்றிய புகார்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கும் மிஷினைத்தான் குறை சொல்கிறார்கள். சட்டைப் பையில் கோயில் குங்குமப் பொட்டலம் இருந்தால் அந்த ஓட்டத்தில் உள்ள வெள்ளை வேட்டி அத்தனையும் ரோஸ் கலர்தான். மீனாட்சியைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் பைகளைத் தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். தாழம்பூ குங்குமம் மணக்கும், ஆனால் லேசில் போகாது. மஞ்சள் கறை சோப்பு பட்டதும் சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம். நன்றாக அலசி வெயிலில் போட்டால் சிவப்பும் போகும், மஞ்சளும் நாளாக நாளாக வெளுக்கும். சுங்குடிச் சேலை 2005-இல் புவிசார் குறியீடு வாங்கியதுதான், அதற்காகச் சாயம் போகாமல் இருக்காது. முதல் சில தடவை தனியாக, குளிர்ந்த தண்ணீரில், கையில் அலசுங்கள்.

தண்ணீர் வடியவில்லை

பைப்பைத் தரையோடு தரையாக இறக்குங்கள். இந்த வகையில் பெரும்பாலானவற்றில் தண்ணீரை வெளியே தள்ள பம்ப் கிடையாது, பள்ளத்தைப் பார்த்து அதுவாக இறங்க வேண்டியதுதான். பாத்ரூம் வாசற்படியைத் தாண்டி மேலேறிப் போகிற பைப்பில் பாதித் தண்ணீர் நின்றுவிடும். மிஷினுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினாலே பல வீட்டில் சரியாகிவிட்டது. செங்கல் ஆடக் கூடாது.

அடுத்தது, மடிந்திருக்கிறதா என்று பைப்பை முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள். அதன்பின் தொட்டியின் அடியில் உள்ள சல்லடையில் பஞ்சு, முடி, நார். பழைய டூத் பிரஷ் போதும். இரட்டைத் தொட்டி மாடலில் வடிக்கிற குமிழைத் திருப்பினால் உள்ளே ஒரு ரப்பர் வால்வு தூக்கும். குமிழ் லூசாகச் சுற்றினால் அதை இழுக்கிற கயிறு அறுந்திருக்கும், அது கடைக்கு.

தரையெல்லாம் தண்ணீர்

எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மிஷினைச் சுற்றித் தரையைத் துடைத்து, பழைய செய்தித்தாள் விரித்து, பாதித் தொட்டி தண்ணீர் ஊற்றி, ஓட்டாமல் பத்து நிமிடம் விடுங்கள். எந்தப் பக்கம் தாள் நனைகிறதோ அங்கேதான்.

பைப் சேருமிடத்தில் நனைந்தால் கிளிப்பை இறுக்குங்கள். பைப் நடுவில் என்றால் வெயிலில் கிடந்து வெடித்திருக்கும், மதுரை வெயிலில் அந்தச் சுருக்கு பைப் ரொம்ப வருடம் தாங்காது. டேப் ஒட்டாமல் புது பைப் வாங்குங்கள். மேலே நுரை வழிந்து ஊற்றினால் பவுடரைக் குறையுங்கள்.

தாள் நேர் நடுவில், மோட்டாருக்குக் கீழே நனைந்தால் நிறுத்திவிடுங்கள். ஷாப்ட்டைச் சுற்றியுள்ள சீல் போய்விட்டது. சொட்டுகிற தண்ணீர் நேராக மோட்டார் மேல்தான் விழும். சீல் சின்னச் சாமான், அதை மாற்றாமல் ஒரு மாதம் ஓட்டினால் மோட்டாரும் சேர்ந்து போகும்.

பிழியும்போது ஆடுகிறது, அல்லது பிழியவே மாட்டேன் என்கிறது

ஆட்டத்துக்குக் காரணம் துணி ஒரே பக்கம் குவிந்திருப்பது. நிறுத்தி, சுற்றிலும் சமமாக அமுக்கி, மேலே அந்த வட்டப் பிளாஸ்டிக் தட்டை வைத்து அழுத்துங்கள். ஒற்றைச் சட்டை மட்டும் போட்டாலும் ஆடும், எதிர்ப்பக்கம் ஒரு துண்டு வையுங்கள். ஒற்றைத் தொட்டி மாடலில் கூடை நன்றாகப் பூட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள். தரை சாய்வாக இருந்தால் ஒரு காலின் கீழ் ரப்பர் துண்டு.

பிழியவே இல்லை என்றால் முதலில் மூடி. சரியாக மூடாவிட்டால் ஓடாது. பிறகு கூடைக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவே கைக்குட்டை, சாக்ஸ் விழுந்து சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மெதுவாகச் சுற்றி ரப்பர் கருகும் வாடை வந்தால் பிரேக் விடவில்லை என்று அர்த்தம், கடைக்கு. மூடி சுவிட்ச் கெட்டுவிட்டதென்று வயரை நேராகச் சேர்த்து முறுக்கிவிட்டுப் போகிற ஆட்களும் இருக்கிறார்கள். திறந்த மூடிக்குள் வேகமாகச் சுற்றும் கூடை, பக்கத்தில் குழந்தை. வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

நாற்றம், துணியில் கறுப்புத் துகள்

பல்சேட்டருக்கு அடியில் படிந்த சோப்பும் பூசணமும்தான். மேலே சொன்னபடி கழற்றித் தேய்த்தால் தீர்ந்தது. கழற்ற மனமில்லை என்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு கைப்பிடி எலுமிச்சை உப்பு போட்டுக் கரைத்து, பத்து நிமிடம் ஓட்டி, ஒரு மணி நேரம் ஊறவைத்து வடியுங்கள். உப்புக் கறையும் சேர்ந்து வரும். இதோடு பிளீச்சிங் பவுடரையோ பாத்ரூம் பிளீச்சையோ கலக்கவே கூடாது, விஷ வாயு கிளம்பும். துவைத்து முடித்ததும் மூடியைத் திறந்தே வையுங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும்போது

சின்ன மிஷினுக்கு வீட்டுக்கு ஆள் வந்தால், வந்ததற்கே ஒரு தொகை. எட்டு கிலோ, பத்து கிலோதானே, தூக்கிக்கொண்டு கடைக்குப் போவது லாபம். பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "ஓடல" என்று மட்டும் சொல்லாதீர்கள். வெறும் தண்ணீரில் சுற்றியதா, முனகியதா, வாடை வந்ததா, கையால் சுற்றினால் எப்படி இருந்தது என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள்.

கிளம்புவதற்கு முன் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, நிமிர்த்தியே கொண்டுபோங்கள். நான் ஒரு தடவை டூவீலரில் படுக்கப்போட்டுக் கட்டிக்கொண்டு போனேன். அடியில் தங்கியிருந்த தண்ணீர் டைமருக்குள் இறங்கி, கண்டன்சர் மாற்றப்போன இடத்தில் டைமரையும் மாற்றிக்கொண்டு வந்தேன்.